நடக்கிறதுக்கு எதுக்குக் காசு?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற கால்வே நகரத்துக்கு, அக்கா மகளைப் பார்க்கப் போய் இருபத்துநாலு நாள் தங்கிவிட்டு வந்ததைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த ஊர் வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொண்டு ஊரை நடந்தே பார்த்தேன் என்று போகிற போக்கில் சொல்லியும் வைத்தேன். அவ்வளவுதான், மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றியே. கொடைக்கானலில் இருபது வருஷமாக வழிகாட்டி வேலை பார்க்கிறவன் இன்னொரு வழிகாட்டிக்குப் பணம் கொடுத்திருக்கிறானே என்று சிலருக்குச் சந்தோஷம். சரி, இந்த முறை முழுக்கக் கால்வேதான். சாக்லேட் கடை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் கால்வேயில் நர்ஸாக இருக்கிறாள். வருகிற ஜூனில் நானும் அவள் அப்பாவும் மூன்று வாரம் போகிறோம். அவளுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். “நான் டூட்டியில இருக்கிற அன்னைக்கு ஒரு பிரைவேட் வாக்கிங் டூர் போயிட்டு வாங்கம்மா” என்கிறாள். இவரோ, “தினம் மூஞ்சிக்கல் வரைக்கும் சும்மாத்தானே நடக்கிறேன், அங்க போய் நடக்கிறதுக்கு எதுக்குக் காசு?” என்கிறார். நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.
(ஓர் அம்மா, செண்பகனூர்)

பதில்: ஐயா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோக்கர்ஸ் வாக்கில் நம்மிடமும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே நடக்க விடுகிறார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

நானும் முதலில் காசு கொடுக்க மனசில்லாமல்தான் இருந்தேன். அங்கே ‘இலவச நடை’ என்று ஒன்று உண்டு. ஊர் நடுவில் ஏர் சதுக்கம் இருக்கிறது. ஏர் என்றதும் நமக்குக் கலப்பைதான் ஞாபகம் வரும், அது 1710-இல் அந்த நிலத்தை ஊருக்குக் கொடுத்த மேயர் குடும்பத்தின் பெயர். குறித்த நேரத்துக்கு அங்கே போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள், நடை முடிந்ததும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்காமல் வர மனசு வராது, ஆகவே இலவசம் என்பது பேருக்குத்தான். அன்றைக்கு முப்பது பேர் இருந்தோம். வழிகாட்டி இளவட்டப் பையன், நல்ல பேச்சுக்காரன், மஞ்சள் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனான். கடைசி வரிசையில் இருந்த எனக்குக் குடை தெரிந்தது, கதை கேட்கவில்லை. முன்னால் இருக்கிறவர்கள் சிரித்தால் நானும் சிரித்து வைத்தேன். ஷாப் தெருவில் ஒரு பழைய கல் மாளிகை, சுவரெல்லாம் செதுக்கு வேலை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பினால் குடையைக் காணோம்.

அக்கா மகள்தான் மறுநாளைக்கு ஓர் அம்மையாரைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். ரிட்டயரான ஆசிரியை, அறுபது தாண்டியவர். காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றவர், “ஊரில் என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்டார். இதே வேலைதான் என்றேன். சதுக்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். “அப்படியானால் உங்களிடம் கதை விட்டுப் பிரயோஜனம் இல்லை, எதெல்லாம் நாங்கள் விடுகிற கதை என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்” என்றார். நேற்று என்னைத் தொலைத்த அந்த மாளிகைக்கு எதிரே கால் மணி நேரம் நிற்க விட்டார். லிஞ்ச் என்கிற வியாபாரக் குடும்பத்தின் கோட்டை வீடு அது, இன்றைக்கு உள்ளே பேங்க் நடக்கிறது. மேலே மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கல்லில் செய்த கோர முகங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, நம்மூர்க் கோவில்களில் கோமுகி வைப்பது மாதிரி. கீழே ஒரு பாட்டி காய்கறிப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஏடிஎம் கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்நூறு வருஷம் மேலேயும் கீழேயுமாக இருப்பதைப் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் தேவைப்பட்டது. முப்பது பேரோடு போனால் அது கிடைக்காது.

ஆகவே ஐயாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நடக்கிறது சும்மாதான், நிற்கிறதுக்குத்தான் காசு.

தனி நடைக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, மொத்தமாக ஒரு தொகை. அதனால் உங்கள் மகளோடு வேலை பார்க்கிற வேறு பெண்களின் அப்பா அம்மாவும் அப்போது வந்திருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மறுபடியும் குடைதான். அந்த நாட்டு அரசின் சுற்றுலா அமைப்பு வழிகாட்டிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது, அந்த பேட்ஜ் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம், மழை வந்தால் என்ன செய்வது, இதெல்லாம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஜூலையில் கலை விழா, அது முடிகிற சமயத்தில் குதிரைப் பந்தய வாரம், ஊரே திருவிழாக் கூட்டமாகிவிடும். நீங்கள் ஜூனில் போவது நல்லதாகப் போயிற்று. ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனாலும் காலையிலேயே போங்கள், கடை திறப்பதற்கு முன்னால் தெரு நம்முடையது.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். மகன் அயர்லாந்துக்குக் கூப்பிடுகிறான். இந்த நடையெல்லாம் நமக்கு ஆகுமா?
(நாயுடுபுரம் வாசகர்)

பதில்: நாயுடுபுரத்திலிருந்து சந்தைக்கு இறங்கி ஏறுகிற கால் உங்களுடையது. கால்வேயின் பழைய ஊர் கிட்டத்தட்ட சமதளம்தான். ஏர் சதுக்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை நிற்காமல் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம். அதையே இரண்டு மணி நேரமாக இழுத்து, நின்று, உட்கார்ந்து, டீ குடித்து நடத்துவதுதான் தனி நடை. சில சந்துகளில் தரை கல் பாவியது, நனைந்தால் வழுக்கும், ரப்பர் அடி போட்ட ஷூ போடுங்கள். “எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை உட்கார வேண்டும்” என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். கேட்க வெட்கப்படுகிற இன்னொரு விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: பாத்ரூம். ஆற்றங்கரையில் ஸ்பானிஷ் ஆர்ச் என்கிற பழைய கல் வளைவுக்குப் பக்கத்திலேயே நகர மியூசியம் இருக்கிறது, நுழைவு இலவசம். உள்ளே அந்தக் கடற்கரையின் பழைய பாய்மரப் படகு ஒன்றை அப்படியே கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைப் பார்க்கப் போன மாதிரியும் ஆயிற்று.

கேள்வி: அப்பனே மகனைத் தூக்கில் போட்ட ஜன்னல் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பாதிச் சோற்றில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது.
(ஓர் ஆசிரியர், வத்தலக்குண்டு)

பதில்: மன்னிக்கணும் சார், முழுசாகப் பரிமாறிவிடுகிறேன்.

1493-இல் மேயராக இருந்தவர் ஜேம்ஸ் லிஞ்ச் ஃபிட்ஸ்டீபன். ஸ்பெயினோடு திராட்சை மது வியாபாரம். அங்கே வியாபாரம் செய்யும் ஒருவரின் மகனைத் தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்க வைக்கிறார். மேயரின் மகன் வால்டருக்கு ஒரு பெண் மேல் ஆசை, அவள் கண் அந்த விருந்தாளி மேல் போகிறதோ என்று சந்தேகம். ஒருநாள் ராத்திரி கத்தியால் குத்திவிடுகிறான். பிறகு தானே வந்து ஒப்புக்கொள்கிறான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாற்காலியில் அப்பா. தூக்குத் தண்டனை என்கிறார். ஊர் திரண்டு வந்து விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறது, தூக்குப் போட யாரும் முன்வரவில்லை. கடைசியில் அப்பாவே தன் வீட்டு மாடி ஜன்னலில் மகனைத் தொங்கவிடுகிறார்.

இதைக் கேட்டதும் நான் அந்த அம்மையாரிடம், எங்கள் திருவாரூரிலும் இப்படி ஒருவர் உண்டு என்று மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னேன். கன்றுக்குட்டி தேர்க்காலில் விழுந்தது, பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டது எல்லாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், பசு மணி அடித்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் கதையில் கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் பிள்ளையையும் எழுப்பிவிடுகிறார். கால்வேயில் யாரும் வரவில்லை. அப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், அப்புறம் அவனை யாரும் வெளியே பார்க்கவில்லை என்று முடிக்கிறார்கள்.

இனிமேல்தான் தனி வழிகாட்டியின் வேலை. புனித நிக்கோலஸ் கோவில் மதிலை ஒட்டி அந்த ஜன்னல் இருக்கிறது. முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களை விலகச் சொல்லி, அந்த அம்மையார் என்னைக் கிட்டே கூட்டிப்போய், “பின்னால் என்ன இருக்கிறது பாருங்கள்” என்றார். ஒன்றுமே இல்லை. வீடு இல்லை, மாடி இல்லை, வெறும் சுவர். ஜன்னல் வழியாகத் தெரிந்தது வானம். மண்டை ஓடும் குறுக்கு எலும்பும் செதுக்கிய கல்லில் 1624 என்று வருஷம் போட்டிருக்கிறது. சுவரை இன்றைய வடிவத்தில் எழுப்பியது 1854-இல். 1493-க்கும் இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை தலைமுறை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததா என்று வரலாற்று ஆசிரியர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். “ஆனால் ஊரில் ஒருத்தருக்குக்கூட இதைச் சொல்லாமல் இருக்க மனசு வராது” என்றார் அவர்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. எங்கள் கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம் என்று நானும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். மதுரைக்காரர் ஒருவர் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “அண்ணே, அஞ்சு முனையையும் காட்டுங்க, எண்ணிப்புடுவோம்” என்றபோது தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

கேள்வி: மகள் பிரான்ஸில் படிக்கிறாள், எங்களுக்கு ஷெங்கன் விசா இருக்கிறது. அதை வைத்தே அயர்லாந்துக்கும் ஓர் எட்டுப் போய் வரலாமா?
(கொடைரோடு வாசகர்)

பதில்: முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, செலவாவதும் யூரோதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடுகிற ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும். கிடைத்தால் டப்ளினில் இறங்கி பஸ் பிடியுங்கள், தீவைக் குறுக்கே கடந்து இரண்டரை மணி நேரத்தில் கால்வே. நம் வத்தலக்குண்டு மலைப்பாதை மாதிரி ஒரு வளைவுகூடக் கிடையாது, வாந்தி மாத்திரை வேண்டாம்.

கேள்வி: பதினான்கு குலங்களின் ஊர் என்று கால்வேயைச் சொன்னீர்கள். அங்கேயும் சாதி உண்டா?
(பண்ணைக்காடு வாசகர்)

பதில்: நம்முடைய கணக்கில் சாதி இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைத்தான் நானும் அங்கே நின்று கேட்டேன், வந்த பதில் இன்னமும் மனசில் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்மன் வம்சத்து டி பர்க் குடும்பம் அந்த ஆற்று முகத்துவாரத்தைக் கைப்பற்றியது. பின்னால் மதிலும் எழுந்தது. மதிலுக்குள் வியாபாரிகள் சேர்ந்தார்கள். லிஞ்ச், பிளேக், ஜாய்ஸ், மார்ட்டின், கிர்வான் என்று பதினான்கு குடும்பங்கள். பன்னிரண்டு வெளியிலிருந்து வந்தவை, இரண்டு மட்டும் உள்ளூர் கேலிக் வம்சம். இவர்கள்தான் மேயர், இவர்கள்தான் துறைமுகம், எல்லாமே. மதிலுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தக் கரையில், கிளாடா என்கிற மீனவர் ஊர். கூரை வீடுகள், ஐரிஷ் மொழி, தங்களுக்கென்று தலைவர், அவரை அரசர் என்றே கூப்பிட்டார்கள், அவர் படகுக்கு மட்டும் வெள்ளைப் பாய்.

ஐரிஷ் குடும்பப் பெயர்களில் ‘ஓ’ என்றால் வழிவந்தவர், ‘மேக்’ என்றால் மகன். பெயரைச் சொன்னாலே மதிலுக்கு உள்ளே உள்ளவரா வெளியே உள்ளவரா என்று தெரிந்துவிடும். 1518-இல் நகரசபை ஒரு விதி போட்டது: ‘ஓ’வும் ‘மேக்’கும் கால்வே தெருக்களில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கக் கூடாது. ஏதோ உள்ளூர்க் கதை என்று நினைக்காதீர்கள், எழுதி வைத்த விதி. அதை அந்த அம்மையார் நடுத்தெருவில் நின்று சொன்னார். அவருடைய குடும்பப் பெயரும் ‘ஓ’வில்தான் தொடங்குகிறது. சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்தி, கைப்பையை வீசிக்கொண்டு, பத்தடி நடந்து காட்டினார். நான் சிரித்தேன். ஆனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சில தெருக்களைக் கடந்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாததா? அதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

அப்புறம் கதை திரும்பியது. 1652-இல் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் தளபதி குரோம்வெல்லின் படை ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு ஊரைப் பிடித்தது. பதினான்கு குடும்பத்தாரும் கத்தோலிக்கர்கள், சொத்தும் பதவியும் போயிற்று. ‘குலக்காரர்கள்’ என்று அவர்களைக் கேலியாகக் கூப்பிட்டதே அந்தப் படையாட்கள்தான் என்கிறார்கள். வசைச்சொல்லை அவர்கள் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள், இன்றைக்கு மாவட்ட விளையாட்டு அணிக்கே அதுதான் செல்லப்பெயர். மதிலுக்கு வெளியே இருந்த கிளாடா மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. 1930-களில் சுகாதாரம் என்று சொல்லி அந்தக் கூரை வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு வரிசை வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது போனால் புல்தரையும் அன்னப் பறவைகளும்தான். எழுபது எண்பது அன்னம் இருக்கும், ரொட்டிக்காக நம்மைத் துரத்தும்.

கேள்வி: கொலம்பஸ் அந்த ஊருக்கு வந்தார் என்று எழுதியிருந்தீர்கள். என் பேரன் நெட்டில் பார்த்துவிட்டு அது சும்மா என்கிறான். உங்களை ஏமாற்றிவிட்டார்களோ?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: பேரனுக்கு என் வணக்கம். 1477 வாக்கில் வந்தார், புனித நிக்கோலஸ் கோவிலில் பிரார்த்தனை செய்தார் என்பது ஊர் வழக்கு. பிரார்த்தனைக்குச் சான்று கிடையாது. ஆனால் கொலம்பஸ் வைத்திருந்த புத்தகம் ஒன்றின் ஓரத்தில், அயர்லாந்தின் கால்வேயில் மரக்கட்டைகளில் மிதந்து வந்த ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றிய குறிப்பு இருக்கிறது. கிழக்குத் தேசத்திலிருந்து மேற்குக் கடல் வழியே மனிதர்கள் வந்துசேர முடியும் என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். என் வழிகாட்டி இதை இந்த அளவில்தான் சொன்னார், கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னது நான், போன இதழில், இடம் குறைவாக இருந்ததால்.

கோவில் 1320-ஐச் சேர்ந்தது, நிக்கோலஸ் கடலோடிகளின் புனிதர். உள்ளே சில சிற்பங்களுக்கு முகம் இல்லை. குரோம்வெல் படை குதிரை கட்டிய காலத்துச் சேதம் என்றார். விரலால் தடவிப் பார்த்தேன், மூக்கு இருந்த இடம் மழமழவென்று இருந்தது. நம்மூர்க் கோவில்களிலும் மூளியான சிலையின் முன்னால் நின்றால் கை தானாக அங்கேதான் போகும்.

அப்புறம், பேரன் அடுத்துக் கேட்கப் போவதற்கும் இப்போதே பதில்: ஸ்பானிஷ் ஆர்ச்சை ஸ்பெயின்காரர் கட்டவில்லை. துறையைக் காக்க 1584-இல் மதிலை நீட்டிக் கட்டியதில் மிச்சம் அது. ஸ்பெயின் கப்பல்களின் நினைவில் பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். 1755-இல் லிஸ்பன் நிலநடுக்கம் கிளப்பிய சுனாமி இங்கே வரை வந்து அந்த வளைவுகளில் ஒரு பகுதியை இடித்திருக்கிறது. 2004-ஐப் பார்த்த நமக்கு அதைக் கேட்டதும் வயிறு கலங்கும்.

கேள்வி: ஆசைப்பட்டு ஒரு கிளாடா மோதிரம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். எப்படிப் போட வேண்டும்?
(பெயர் வேண்டாம், பெருமாள்மலை)

பதில்: இரண்டு கை ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம். வலது கையில் இதயத்தின் கூர் விரல்நுனியைப் பார்த்து இருந்தால் “இன்னும் யாரும் இல்லை”, நம்மைப் பார்த்துத் திரும்பியிருந்தால் “ஆள் இருக்கிறது”. இடது கை கல்யாணத்துக்கு. ரிச்சர்ட் ஜாய்ஸ் என்கிற கால்வேக்காரர் அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் மாட்டி, அங்கே ஒரு தட்டானிடம் அடிமையாகத் தொழில் கற்று, 1689-க்குப் பிறகு விடுதலையாகி வந்து இதைச் செய்தார் என்று சொல்வார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போடப் போகிறீர்கள் என்பதை வாங்கி வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குடை எடுத்துப் போகவா?
(பூம்பாறை வாசகி)

பதில்: வேண்டாம். அங்கே மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். காற்றில் என் குடை முதல் நாளே பூம்பாறைப் பூண்டு மாதிரி விரிந்துவிட்டது. தொப்பி வைத்த ரெயின்கோட், ஜூன் ஆனாலும் ஒரு ஸ்வெட்டர். நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

கேள்வி: நான் டூரிஸம் படிக்கிறேன், சொந்த ஊர் வில்பட்டி. கொடைக்கானலிலும் இந்த மாதிரித் தனி நடை ஆரம்பிக்கலாமா என்று யோசனை. இங்கே வருகிறவர்கள் வேனில் ஏறி பன்னிரண்டு மைல் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் நடக்க என்ன இருக்கிறது, அண்ணா?
(ஒரு மாணவி)

பதில்: என்னம்மா இப்படிக் கேட்டுவிட்டாய். கால்வேயிலேயே என்னிடம் இதைத்தான் கேட்டார் அந்த அம்மையார், உங்கள் மலையில் எங்கள் ஊர் ஆட்கள் யாராவது உண்டா என்று. எனக்கு டக்கென்று வாயில் வரவில்லை. இருபது வருஷமாக அவர்கள் மேலேதான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது திரும்பி வருகிற விமானத்தில்தான் உறைத்தது.

ஏரியையே எடுத்துக்கொள். 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு அதை உண்டாக்கியவர் வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரை கலெக்டராக இருந்தவர். அயர்லாந்தில் வெஸ்ட்மீத் மாவட்டத்துப் பிரபுக் குடும்பம். தூத்துக்குடியிலிருந்து முதல் படகுகளைக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். அன்றைக்கு ஏது காட் ரோடு? படகை மலைமேல் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று கரையில் நின்று கேட்டாலே போதும், வந்தவர்கள் பத்து நிமிஷம் நகர மாட்டார்கள்.

அடுத்து கால்டுவெல். நம் பாடப்புத்தகத்தில் வருகிற அதே கால்டுவெல்தான், மெரினாவில் சிலையாக நிற்கிறாரே அவர். 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், 1891 ஆகஸ்ட் 28-இல் கண்மூடியது நம் கொடைக்கானலில். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் எழுதியவர். அதைவிட உனக்குத் தேவையான செய்தி ஒன்று உண்டு: 1841-இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நீலகிரி வழியாக அந்த மனுஷன் நடந்தே போனார். ஜனங்களையும் பேச்சையும் தெரிந்துகொள்ள அதுதான் வழி என்று நினைத்திருக்கிறார். இறந்தபின் உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மலையிலிருந்து அவ்வளவு தூரம் எந்த வழியாக இறக்கியிருப்பார்கள் என்பதை நீ விசாரித்துக் கண்டுபிடி, அந்தக் கதை உன் நடைக்கே உரியதாக இருக்கட்டும்.

வழியை நீயே போட்டுக்கொள், என் வழியைக் காப்பி அடிக்காதே. ஏழு ரோட்டில் ஆரம்பித்து, 1866-இல் கட்டிய சலேத் மாதா கோவில் வரை ஏறி, திரும்பும்போது ஏரியில் இறங்கினாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். நாலு பேருக்கு மேல் வேண்டாம். கமிஷன் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் முதல் வாரமே வந்து நிற்பார். எனக்கு வந்தார், நானும் இரண்டு வருஷம் வாங்கினேன், அந்த இரண்டு வருஷமும் என்னுடைய கதைகள் எல்லாம் அந்தக் கடை வாசலிலேயே முடிந்துகொண்டிருந்தன. பனி இறங்கி எதுவும் தெரியாத நாளுக்கென்று ஒரு கதை தனியாக வைத்துக்கொள், நவம்பரில் பாதி நாள் அதுதான் சோறு போடும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, நட்சத்திர ஏரி விஷயத்தில் நான் பட்டது போதும்.

முதல் நடைக்கு ஆள் வேண்டுமென்றால், மேலே முதல் கேள்வி கேட்ட அம்மாவின் வீட்டுக்காரர் தினம் மூஞ்சிக்கல் வரை வருகிறாராம். அங்கேயே பிடித்துவிடு. காசு வாங்காமல் மட்டும் விட்டுவிடாதே.